மாட்டிறைச்சி அடுக்குப் பேக்: தண்ணி விடாம, காஞ்சும் போகாம செய்யிறது எப்படி?

கிண்ணியாப் புள்ள:

ஸலாம், வணக்கம் எல்லாருக்கும். கிழமை நாள்ல ராச்சாப்பாட்டுக்கு ஒரே தட்டுல வைக்கிற மாதிரி ஒண்டு தேடுறன். பள்ளிக்கூடத்துல படிப்பிச்சுட்டு வந்து சோறு, ஆணம், சுண்டல் எண்டு மூணு சட்டி கழுவ எனக்கு வலு இல்ல. அமெரிக்கக்காரங்க வீட்டுல செய்யிற அடுக்குப் பேக் ஒண்டு பாத்தன். அரைச்ச மாட்டிறைச்சிய வதக்கி, கொழுப்ப வடிச்சு ஊத்திட்டு, கிழங்குச் சீவல் ஒரு அடுக்கு, இறைச்சி ஒரு அடுக்கு, மேல டின் சூப், அதுக்கு மேல சீஸ். 180 பாகை செல்சியஸ்ல ஒரு மணித்தியாலம். வாசிக்க லேசாத்தான் இரிக்கி.

ஆனா எங்கட இறைச்சிய வதக்கினா வடிக்கிறதுக்குக் கொழுப்பே வாறதில்ல, தண்ணிதான் வருது. அதையும் வடிக்கணுமா? காளான் கிரீம் சூப் டின் தேடி என்னால அலைய ஏலாது, பதிலுக்கு என்ன போடலாம்? என்னட்ட இரிக்கிறது 30 லீட்டர் கரண்ட் ஓவன். வீட்டுல ஏழு பேர். அதுல மாமா, சோறு இல்லாத சாப்பாட்டத் "தேத்தண்ணிக் கடி" எண்டுதான் சொல்லுவார். ஒரு கிலோ எலும்பில்லாத இறைச்சி பிரிஜ்ல கிடக்கு.

உப்புவெளி ராத்தா:

வஅலைக்கும் ஸலாம் மகள். வடிக்கிற கதைய முதல்ல முடிப்பம்: வடிக்காதீங்க. அந்தத் தண்ணியிலதான் இறைச்சிட சாறு, உப்பு, ருசி எல்லாம் இரிக்கி. அதை ஊத்திட்டா மிஞ்சுறது மரத்தூள். மத்ததுக்குப் பின்னேரம் ஆறுதலா எழுதுறன், இப்ப ரெண்டு கேக் ஓடர் கையில.

ரொறன்ரோத் திருமலையான்:

ராத்தா சொன்னதுக்குக் காரணம் இருக்கு. இங்க கனடாவில அரைச்ச இறைச்சியைக் கொழுப்பு அளவுப்படி பிரிச்சுத்தான் விப்பாங்கள். சாதாரணம் எண்டால் 30 சதவீதம் வரைக்கும் கொழுப்பு இருக்கலாம், மீடியம் 23, லீன் 17, எக்ஸ்ட்ரா லீன் 10. அமெரிக்கன் ரெசிப்பி எழுதுறவர் பெரும்பாலும் 20 சதவீதக் கொழுப்பு உள்ளதைத்தான் மனசில வச்சு எழுதுறார். ஒரு கிலோவில 200 கிராம் கொழுப்பு. அதை வடிக்காட்டி தட்டில எண்ணெய்க் குளம்தான். ஊர் மாடு புல்லு மேய்ஞ்சு நடந்து திரிஞ்ச மாடு. எருமை எண்டால் இன்னும் கொழுப்புக் குறைவு. வடிக்கச் சொன்ன வரியைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டி எறியலாம். அதோட எண்ணெய் ரெண்டு மூண்டு கரண்டி கூடப் போடவும் வேணும்.

சூப் டின் விசயத்தில மட்டும் நான் அமெரிக்கன் பக்கம். காளான் கிரீம் சூப்பை கம்பெல் கொம்பனி 1934 இல கொண்டு வந்தது. சோஸ் காய்ச்சத் தெரியாதவையும் சோஸ் ஊத்தலாம் எண்ட வசதிக்குத்தான் அந்த நாட்டில இந்தத் தட்டுச் சாப்பாடே வீடு வீடாப் பரவினது. அந்த ருசி வேணும் எண்டால் அந்த டின்தான்.

பாலையூற்று மச்சான்:

இவ்வளவு ஏன்? கிழங்கைப் பச்சையாச் சீவி அடுக்குங்கோ, இறைச்சியைக் கொட்டுங்கோ, அரை மணித்தியாலம் ஓவனில வையுங்கோ. முடிஞ்சுது.

ஓர்ஸ்ஹில் அன்ரி:

தம்பி, பச்சைக் கிழங்கு அரை மணித்தியாலத்தில அவியாது. மெல்லிசாச் சீவி, தட்டை அலுமினியத் தாளால இறுக்கி மூடி வச்சாலும் ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட வேணும். ஒரு பக்கம் கடிபடும், மற்றப் பக்கம் சீஸ் கருகும்.

பாலையூற்று மச்சான்:

சரி அன்ரி, நான் சாப்பிடுற ஆள், சமைக்கிற ஆள் இல்லை.

உப்புவெளி ராத்தா:

வந்துட்டன். கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கங்க.

இந்தத் தட்டுல ஒரே ஒரு விசயம்தான் கணக்கு. ஒவ்வொரு அடுக்குலயும் எவ்வளவு தண்ணி உள்ள போகுது எண்டது. கிழங்கு ஈரமா இருந்தா அடியில தண்ணி நிக்கும். இறைச்சி குழம்பா இருந்தா வெட்டி எடுக்க ஏலாது, கரண்டியால அள்ளி ஊத்தணும். இறைச்சி காஞ்சு போனா சீஸ எவ்வளவு கொட்டினாலும் தொண்டையில நிக்கும். அதனால ஒவ்வொண்டையும் தனியாச் சரிப்படுத்திட்டுத்தான் அடுக்கணும். ஓவனுக்குள்ள போனா எல்லாம் தானாச் சரி வரும் எண்டு நம்பாதீங்க.

இறைச்சி: கடையில அரைச்சுத் தந்தா நல்லம். இல்லாட்டி சின்னத் துண்டா வெட்டி, தட்டுல பரத்தி, பிரீசர்ல அரை மணித்தியாலம் வைங்க. விளிம்பு விறைச்சு நடு கொஞ்சம் மெதுவா இரிக்கக்குள்ள எடுத்து, கொஞ்சம் கொஞ்சமா கிரைண்டர்ல விட்டு விட்டு அடிங்க. ஒரே ஓட்டமா ஓட விட்டா களியாகிரும். எங்கட உம்மா கத்தியாலதான் கொத்துவா. அந்த ருசி மெஷின்ல இல்ல, ஆனா கிழமை நாள்ல யாருக்கு நேரம்.

அகலமான சட்டியில மூணு மேசைக்கரண்டி எண்ணெய், பெரிய வெங்காயம் மூணு பொடியா வெட்டினது, இஞ்சி உள்ளி அரைச்சது ரெண்டு கரண்டி, கறிவேப்பிலை, ரம்பை இலைத் துண்டு, ஒரு கறுவாப்பட்டை. வெங்காயம் நல்லா நிறம் மாறினாப் பிறகு இறைச்சியப் போட்டு, கட்டி உடைச்சுக் கிளறுங்க. பச்சைக் கொச்சிக்காய் நாலஞ்சு, மிளகுத்தூள் ரெண்டு தேக்கரண்டி, இறைச்சிக் கறித்தூள் ஒரு மேசைக்கரண்டி, உப்பு, தக்காளி மூணு. வெளிநாட்டு ரெசிப்பியில வூஸ்டர் சோஸ் எண்டு இருந்தாப் பயப்படாதீங்க. அதுல இரிக்கிறது வினாகிரி, புளி, வெல்லப்பாகு, நெத்தலி மாதிரி ஒரு மீன். நமக்குக் கொஞ்சம் புளித்தண்ணி, ஒரு கரண்டி சோயா சோஸ், ஒரு சிட்டிகை சீனி போதும்.

இப்பதான் முக்கியம். ஒரு கப் சுடுதண்ணி ஊத்தி மூடி, மெல்லிய நெருப்புல முப்பது நாப்பது நிமிசம் அவிய விடுங்க. அமெரிக்காவுல பத்து நிமிசத்துல முடியிற வேலைதான், எங்கட இறைச்சிக்குக் காணாது. பிறகு மூடியத் திறந்து வத்த விடுங்க. எப்ப நிப்பாட்டுறது? கரண்டியால சட்டி அடியில ஒரு கோடு இழுங்க. ரெண்டு பக்கமும் தண்ணி ஓடி வந்து கோட்ட மூடினா இன்னும் வத்தணும். கோடு அப்படியே நிண்டு, இறைச்சி மட்டும் மினுங்கிட்டு இருந்தா இறக்குங்க. அதுக்கு மேல ஒரு நிமிசமும் வேணாம்.

கிழங்கு ஒரு கிலோ. அரை சென்ரிமீற்றர் தடிப்புல வட்டமா வெட்டி, உப்புத்தண்ணி கொதிச்சதும் போட்டு ஆறு நிமிசம். கத்தி இறங்கணும், கிழங்கு உடையக் கூடாது. வடிச்சு, சுத்தமான துணியில பரத்தி ஆவி போக விடுங்க. இந்த ஆவி போகிற வேலையத்தான் எல்லாரும் விட்டுர்றது.

வெள்ளைச் சோஸ்: 60 கிராம் பட்டர், 60 கிராம் கோதுமை மா, 600 மில்லி பால். பால்மாவுல கரைக்கிறதெண்டா 80 கிராம் அளவு. பட்டர்ல மாவ ரெண்டு நிமிசம் வறுத்து, பாலக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி அடிச்சுக் கிளறுங்க. கரண்டிட முதுகுல ஒட்டி நிக்கணும். உப்பு, மிளகு, சாதிக்காய் சுரண்டினது ஒரு துளி. டின்ல வாற சூப்புக்குப் பதில் இதுதான் மகள். டின்ல உப்பு கூட. எங்கட இறைச்சியில ஏற்கனவே உப்பு, சோயா சோஸ், சீஸ்லயும் உப்பு. மாமாக்குப் பிரஷர் இருந்தா யோசிச்சுப் பாருங்க.

அடுக்கு: அடியில ரெண்டு கரண்டி சோஸ், கிழங்கு, இறைச்சி முழுக்க, சோஸ்ல பாதி, மறுபடி கிழங்கு, மிச்சச் சோஸ், சீஸ் 150 கிராம். முன்கூட்டியே சூடாக்கின ஓவன்ல 180 பாகை, 35 நிமிசம். மேல பொன்னிறமா வந்து ஓரத்துல குமிழி வரணும். எடுத்து 15 நிமிசம் தொடாம வைங்க. சூட்டோட வெட்டினா அடுக்கு சரிஞ்சு விழும். ஆறக்குள்ளதான் மாவும் கிழங்கும் இறுகிப் பிடிக்கும்.

கிண்ணியாப் புள்ள:

ராத்தா, அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்யட்டும். இதை அப்படியே கொப்பியில எழுதிட்டன். தட்டு என்ன அளவு? ரெசிப்பியில 9க்கு 13 அங்குலம் எண்டு கிடக்கு.

உப்புவெளி ராத்தா:

அது 23க்கு 33 சென்ரிமீற்றர், மூணு லீட்டர் கிட்டப் பிடிக்கும். நான் சொன்ன அளவுக்கு அதுதான் சரி. ஆனா 30 லீட்டர் ஓவனுக்குள்ள 33 சென்ரிமீற்றர் தட்டு, கைபிடியோட, போகுமா எண்டு வெறுந்தட்ட வச்சுப் பாத்துட்டுத் தொடங்குங்க. சின்ன ஓவன்ல மேல்க் கம்பியும் கிட்ட இருக்கும், சீஸ் கறுத்துரும். அப்படியெண்டா 20 சென்ரிமீற்றர் சதுரத் தட்டு ரெண்டுல பிரிங்க. ஒண்டை மறுநாளைக்கு எடுத்து வைக்கலாம்.

ரொறன்ரோத் திருமலையான்:

டின் சூப்பை ஒரேயடியா அடிச்சுப் போட்டியள் ராத்தா. ஆனா உப்புக் கதை உண்மைதான், மறுக்கேலாது.

ஓர்ஸ்ஹில் அன்ரி:

நீங்கள் எல்லாரும் சீஸ், சீஸ் எண்டு நிக்கிறியள். சீஸ் விலை தெரியுமே? எங்கட வீட்டில சின்ன வயசில இருந்தே இது இருந்தது, கிறிஸ்மஸ் கிழமைக்கு. சீஸ் இல்லை. கிழங்கை அவிச்சு, பட்டரும் பாலும் விட்டு மசிச்சு, இறைச்சிக்கு மேல பூசி, முள்ளுக்கரண்டியால கோடு கோடா இழுத்து, முட்டை மஞ்சள் கரு தடவி ஓவனில வைக்கிறது. அந்தக் கோட்டு நுனியெல்லாம் மொறுமொறு எண்டு வரும். வெள்ளைக்காரர் இதை கொட்டேஜ் பை எண்டுவினம். ஆட்டிறைச்சியில செய்தால் ஷெப்பேர்ட்ஸ் பை. முதல் பேர்தான் பழசு, பதினெட்டாம் நூற்றாண்டு முடியிற நேரத்திலயே இருக்கு. ரெண்டாவது 1850களில வந்தது. ஞாயிற்றுக்கிழமை மிஞ்சின ரோஸ்ட்டைத் திங்கட்கிழமை ஒப்பேற்றுற வழியாத்தான் அவைக்கு இது இருந்தது.

மசிக்கிறதில இன்னொரு சுகம்: ராத்தா சொன்ன ஆவி, தடிப்பு, ஆறு நிமிசம் ஒண்டும் பார்க்கத் தேவையில்லை. பாலை மட்டும் அளவா விடுங்கோ. கஞ்சி மாதிரி வந்தால் கோடு நிக்காது. நுவரெலியாக் கிழங்கு கிடைச்சால் விடாதேங்கோ.

கிழங்குத் தோலைப் பையோட கேற்றுக்கு வெளியில வைக்காதேங்கோ எண்டும் சொல்லிப்போட்டன். எங்கட பக்கம் மான் வந்து பையோட சேர்த்துத் தின்னும், பாவம்.

தம்பலகாமத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கட வீட்டில மாடு சமைக்கிறதில்லை. ஆனால் இந்த அடுக்கு முறை பிடிச்சிருக்கு. கோழியில செய்தால் வருமோ? அம்மம்மாவுக்கு மரக்கறியிலயும் ஒரு சின்னத் தட்டு வேணும்.

சீனக்குடாச் சிங்கம்:

தலைப்பே மாட்டிறைச்சி. பிறகேன் இங்க வந்து கேக்கிறீங்க?

ஓர்ஸ்ஹில் அன்ரி:

அவர் கேட்டதில என்ன பிழை? தட்டுத்தானே ஒண்டு, உள்ளுக்கு வைக்கிறது அவரவர் விருப்பம். திருகோணமலையில ஒரு ஒழுங்கையில நாலு வீடு எண்டால் நாலு அடுப்பும் ஒரே மாதிரியே எரியுது? தம்பலகாமத்துத் தம்பி, நீங்கள் இருங்கோ.

உப்புவெளி ராத்தா:

தம்பி, கோழி இன்னும் லேசு. நாப்பது நிமிசம் தேவையில்ல, அரைச்ச கோழி பத்துப் பன்னிரண்டு நிமிசத்துல வெந்துரும். ஒரு கப் தண்ணியும் ஊத்தாதீங்க, கோழியே விடும். காலும் தொடையும் எடுத்து அரைங்க, நெஞ்சு மட்டும் எண்டா காஞ்சுரும். கோட்டு வேலை அதேதான்.

அம்மம்மாக்கு சோயா மீற். சுடுதண்ணியில ஊற வச்சு, ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிழிஞ்சு, பிறகு ஒரு ஓட்டம் அரைங்க. பிழியாட்டி அதுக்குள்ள இருந்த தண்ணி முழுக்க ஓவனுக்குள்ள இறங்கும். கத்தரிக்காய வட்டமா வெட்டி உப்புத் தடவி, அரை மணித்தியாலம் வச்சுத் துடைச்சுப் பொரிச்சு அடுக்கினாலும் நல்லம். கிரேக்கக்காரங்கட முசாக்கா அப்படித்தான், அடியில கத்தரிக்காய், நடுவுல அரைச்ச இறைச்சி, மேல வெள்ளைச் சோஸ்.

தம்பலகாமத்தான்:

கோடி நன்றி அக்கா. கத்தரிக்காய் கொல்லையிலயே நிக்குது.

வார்ட் நம்பர் 7:

நான் தாதி, வேலை முடிஞ்சு வந்து வாசிச்சன். சமையல் சொல்ல வரேல்ல, ஒரு விசயம் மட்டும். முழு இறைச்சித் துண்டில கிருமி வெளிப்பக்கத்திலதான் கூட இருக்கும். வெளியை நல்லா வாட்டினால் செத்துப்போகும். அரைக்கேக்க வெளியில இருந்தது எல்லாம் உள்ளுக்கும் கலந்துவிடும். அதனாலதான் அரைச்ச மாட்டிறைச்சி முழுக்க 71 பாகைக்கு வரவேணும் எண்டு சொல்லுறது, கோழி எண்டால் 74. ராத்தா சொன்ன மாதிரி அவிச்சால் பிரச்சினையே இல்லை. பிரச்சினை பிறகுதான் வரும். திருகோணமலை வெக்கையில, 32 பாகைக்கு மேல போன நாளில, சமைச்ச தட்டை ஒரு மணித்தியாலத்துக்கு மேல மேசையில வைக்காதேங்கோ. மிஞ்சினதைப் பெரிய தட்டோட பிரிஜ்ஜில தள்ளாமல், ஆழமில்லாத சின்னப் பெட்டிகளில பிரிச்சு வையுங்கோ, கெதியாக் குளிரும். மூண்டு நாலு நாளுக்குள்ள முடியுங்கோ. சூடாக்கேக்க ஓரம் மட்டும் பார்க்காதேங்கோ. நடுவில கத்தியைக் குத்திப் பத்து விநாடி பிடிச்சு எடுத்தால் கத்தி சுடவேணும்.

கிண்ணியாப் புள்ள:

அப்ப முதல் நாள் ராவே அடுக்கி வச்சுட்டு, மறுநாள் பள்ளிக்கூடத்தால வந்து ஓவன்ல வைக்கலாமா? அதுதான் எனக்குச் சரியான லேசு.

வார்ட் நம்பர் 7:

வைக்கலாம். இறைச்சியையும் சோஸையும் ஆறவிட்டு அடுக்கி, மூடி, உடனே பிரிஜ்ஜில. மறுநாள் குளிராகவே போறதால பதினைஞ்சு இருபது நிமிசம் கூட எடுக்கும். கண்ணாடித் தட்டு எண்டால் மட்டும் கவனம். பிரிஜ்ஜால எடுத்த கையோட கொதிக்கிற ஓவனுக்குள்ள வைச்சால் வெடிக்கலாம். கொஞ்ச நேரம் வெளியில வச்சிட்டு வையுங்கோ, இல்லாட்டி அலுமினியத் தட்டைப் பாவியுங்கோ.

நிலாவெளிக் காற்று:

இறைச்சி வாங்க முதல் கலண்டரைப் பாருங்க. போயா (பௌர்ணமி) தினத்தில இறைச்சிக்கடை பூட்டு. நான் விருந்துக்கு ஆள் சொல்லிப்போட்டு ஓடித் திரிஞ்ச ஆக்களைக் கண்டிருக்கிறன்.

மட்கோ நானா:

ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பிறகு இந்த இழை வந்திருந்தா இன்னும் பிரயோசனம். குர்பான் இறைச்சி பிரிஜ் நிறையக் கிடக்கும், புள்ளைகள் மூணாம் நாள் ஆணத்தக் கண்டா முகத்தத் திருப்புவாங்க. அரைச்சு இப்படி அடுக்கி வச்சா கேட்டு வாங்கித் திம்பாங்க. ராத்தா, இறைச்சிய மட்டும் சமைச்சு பிரீசர்ல போடலாமா, இல்ல தட்டோட போடணுமா?

உப்புவெளி ராத்தா:

இறைச்சிய மட்டும் போடுங்க நானா. கிழங்கு பிரீசர்ல போய் வந்தா பஞ்சு மாதிரி ஆகித் தண்ணி விடும். மசிச்ச கிழங்கெண்டா பரவாயில்ல. இறைச்சி ரெண்டு மூணு மாசம் நல்லாவே இரிக்கும், பேக்கட்டுல திகதி எழுதி வைங்க.

பாலையூற்று மச்சான்:

ஓவனே இல்லாத வீட்டுக்கு என்ன வழி? அதைச் சொல்லுங்கோ. எல்லாரும் 180 பாகை, 180 பாகை எண்டு ஓதுறியள்.

ஓர்ஸ்ஹில் அன்ரி:

இப்பதான் நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர். 2022இல கரண்ட் பதின்மூண்டு மணித்தியாலம் இல்லாத நாளிலயும் நாங்கள் செய்தனாங்கள். இதில எல்லாம் ஏற்கனவே அவிஞ்சதுதானே, ஓவன் செய்யிற வேலை ஒட்டவைக்கிறதும் மேலே நிறம் கொடுக்கிறதும்தான். அடிகனமான சட்டியில பட்டர் தடவி அடுக்கி, இறுக்கமான மூடி போட்டு, தோசைக்கல்லுக்கு மேல வையுங்கோ, நெருப்பு நேராப் படக்கூடாது. மூடிக்கு மேல சிரட்டைக்கரித் தணல். புரியாணிக்குத் தம் போடுறது மாதிரித்தான். இருபத்தைஞ்சு நிமிசம். மூடி தட்டையா, விளிம்போட இருக்கவேணும், இல்லாட்டித் தணல் உருண்டு விழும். தணலை வீட்டுக்குள்ள பூட்டின குசினியில வைக்காதேங்கோ, புகை தலைக்கு அடிக்கும்.

போறணைத் தம்பி:

நான் பேக்கரியில வேலை. பின்னேரப் பாண் எல்லாம் இறக்கினாப் பிறகும் விறகுப் போறணையில சூடு கனநேரம் நிக்கும். தெரிஞ்ச ஆக்கள் கேக் தட்டு, வாட்டின கோழி எல்லாம் கொண்டு வந்து வைப்பினம். இதுவும் வைக்கலாம். ஆனால் எங்கட போறணையில சூட்டைக் கூட்டிக் குறைக்கிற பட்டனும் இல்லை, பாகையும் இல்லை. முன்னுக்கு வைச்சால் ஒரு சூடு, உள்ளுக்கு வைச்சால் ஒரு சூடு. அலுமினியத் தாளால மூடி அனுப்புங்கோ, கடைசிப் பத்து நிமிசம் நாங்கள் திறந்து விடுவம். பிளாஸ்டிக் கைபிடி உள்ள தட்டு அனுப்பாதேங்கோ, தயவுசெய்து.

சீனக்குடாச் சிங்கம்:

இது நல்ல ஐடியா. போறணைப் பாணுக்கே தனி மணம், இதுக்கு எப்பிடி இருக்கும்.

கிண்ணியாப் புள்ள:

மாமாட பிரச்சினைக்கு இன்னும் யாரும் மருந்து சொல்லல. சோறு!

தம்பலகாமத்தான்:

நெல்லு விளையிற ஊர்க்காரன் சொல்லுறன், மாமா பக்கம் நியாயம் இருக்கு. அடியில கிழங்குக்குப் பதிலாச் சோத்தைப் போடுங்கோ.

உப்புவெளி ராத்தா:

போடலாம். ஆனா குழைஞ்ச சோறு வேணாம். கீரிச்சம்பா இல்லாட்டி பாஸ்மதிய முக்கால் பதத்துல வடிச்சு, கொஞ்சம் பட்டரும் ஒரு முட்டையும் கலந்து அடியில அமத்துங்க. முட்டை சேந்தா வெட்டக்குள்ள சோறு உதிராது. 400 கிராம் அரிசி காணும், அப்ப கிழங்கு மேல மட்டும், அரைக் கிலோ. சோறு சாற உறிஞ்சும், அதனால இறைச்சிய ஒரு பொட்டுத் தண்ணியோடயே இறக்குங்க. கோடு மெதுவா மூடட்டும், பரவாயில்ல. பக்கத்துல ஒரு கோவா சலட், தேசிக்காய் பிழிஞ்சது. மாமாக்கு மட்டும் தனியாக் கொஞ்சம் கட்டாச்சம்பல் (கொச்சிக்காய், வெங்காயம் இடிச்ச உறைப்புச் சம்பல்) வச்சுப் பாருங்க, ஒண்டும் சொல்ல மாட்டார்.

மட்கோ நானா:

தேங்காய்ப்பால்ல வெள்ளைச் சோஸ் செய்ய ஏலாதா? பால்மா விக்கிற விலையில.

ரொறன்ரோத் திருமலையான்:

தேங்காய்ப்பால் கொதிச்சால் திரைஞ்சு எண்ணெய் பிரியும், சோஸ் ஆகாது.

ஓர்ஸ்ஹில் அன்ரி:

மாவில்லாமல் கொதிக்க வைச்சால்தான் திரையும் தம்பி. பட்டரில மாவை வறுத்து, இரண்டாம் பாலை ஊத்திக் காய்ச்சி, இறக்கிற நேரம் கட்டிப்பாலைச் சேர்த்தால் திரையாது, மா பிடிச்சு வைச்சிருக்கும். ஆனால் ருசி வேற. சீஸும் தேங்காய்ப்பாலும் எனக்கு ஒத்துவராது. சீஸ் இல்லாமல் ரஸ்க் தூள் தூவிச் செய்தால் நல்லாயிருக்கும்.

மட்கோ நானா:

சரி அன்ரி. அப்ப எங்கட ஊர்ச் சாமான் ஒண்டு சொல்றன், யாரும் யோசிக்கல. கிண்ணியாத் தயிர்! 2009ல பாலம் திறக்க முதல் பாதையில (ஆக்களையும் வாகனத்தையும் ஏத்துற மிதவையில) ஏத்தி டவுனுக்குப் போன சாமான். எருமைத் தயிர், கத்தியால வெட்டலாம். மேல அடுக்குக்கு அதைப் போட்டா?

உப்புவெளி ராத்தா:

நானா, நல்லாச் சொன்னீங்க. ஆனா தயிர வெறுமனே ஓவன்ல வச்சா திரண்டு தண்ணி விட்டுரும், நான் இவ்வளவு நேரம் தண்ணிக்கு எதிராத்தான் சண்டை பிடிக்கிறன். 400 கிராம் தயிரத் துணியில கட்டி ரெண்டு மணித்தியாலம் தொங்க விடுங்க. வடிஞ்ச தயிரோட ரெண்டு முட்டை, ஒரு மேசைக்கரண்டி கோதுமை மா, உப்பு, மிளகு, அடிச்சு மேல ஊத்தி 170 பாகையில அரை மணித்தியாலம். நடு ஆட்டினா ஆடக் கூடாது. சீஸும் வேணாம், வெள்ளைச் சோஸும் வேணாம். புளிப்பு இறைச்சிக்கு நல்லாப் பிடிக்கும். இனிப்புத் தயிர மட்டும் எடுத்துராதீங்க.

ரொறன்ரோத் திருமலையான்:

தென்னாபிரிக்காவில கேப் மலாய் ஆக்கள் செய்யிற பொபோட்டி கிட்டத்தட்ட இதுதான். கறித்தூள் போட்ட அரைச்ச இறைச்சிக்கு மேல பாலும் முட்டையும் அடிச்சு ஊத்தி, இலை குத்திப் பேக் பண்ணுவினம். தயிர் இல்லை, பால். இங்க ஒரு கடையில சாப்பிட்டிருக்கிறன், ஊர்க் கறி மாதிரியே இருந்தது. எங்கட றம்பையும் கறிவேப்பிலையும் போட்டால் அதுக்கு மேல வரும் எண்டு நினைக்கிறன்.

நிலாவெளிக் காற்று:

ஒரு கேள்வி. காலையில மிஞ்சின இடியப்பம் இருக்கு, பதினைஞ்சு வரும். கிழங்குக்குப் பதிலா அதை அடுக்கலாமா? இல்ல வீச்சு ரொட்டி வாங்கி லசானியா மாதிரிச் செய்யிறதா?

உப்புவெளி ராத்தா:

ரெண்டும் வரும். வீச்சு ரொட்டி எண்ணெய்ப் பிடிப்பு, அதனால இறைச்சியில எண்ணெயக் குறைங்க, மூணு அடுக்குக்கு மேல போகாதீங்க, கனத்துரும். கடையில வாங்கினதும் ஒரு தரம் கல்லுல வெறுமனே வாட்டி எடுத்தா ஊறிக் குழையாது.

இடியப்பம் எண்டா எனக்கு ரொட்டிய விட விருப்பம். ஆனா காஞ்ச இடியப்பம் சோஸ அப்படியே குடிச்சுரும். அதனால மேல சொன்ன 600 மில்லிக்குப் பதிலா 800 மில்லிப் பால்ல கொஞ்சம் தண்ணியாக் காய்ச்சுங்க, மாவக் கூட்டாதீங்க. உதிர்க்காம முழு இடியப்பமாவே வைங்க, ஒண்டு மேல ஒண்டு லேசா ஏறுற மாதிரி. அடியில ஒரு வரிசை, இறைச்சி, மேல ஒரு வரிசை. சிவப்பு மா இடியப்பம்தான் நிண்டு பிடிக்கும்.

நிலாவெளிக் காற்று:

சீஸா, தயிரா?

உப்புவெளி ராத்தா:

இடியப்பத்துக்குத் தயிர் வேணாம். சீஸ், அதுவும் கொஞ்சம். பதினைஞ்சு இடியப்பத்துக்கு அரைக் கிலோ இறைச்சி காணும்.